பூங்காவில் விரித்த துண்டுகள்

இதை எனக்கு முதலில் சொன்னது மதலேன் அக்காள். போன அக்டோபரில், ஜெபமாலை மாதத்தில், மாதா சுரூபத்தை வீட்டுக்கு வீடு எடுத்துப்போய் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் வீட்டு முறை முடிந்து எல்லாரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகும் அவள் மட்டும் எழுந்திருக்காமல் சுவரில் சாய்ந்தபடி சொன்னாள். அந்தக் கோடையில் நான் ஊரில் இல்லை, மகளின் பிரசவத்துக்காக ஓசூரில் இருந்தேன். அதனால் அவள் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பூங்காவில் உட்கார்ந்திருந்த மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகக் கேட்டேன். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஆகையால் நானும் அப்படியே சொல்கிறேன்.

எங்கள் தூத்துக்குடியில் மே மாதம் வந்தால் உப்பளத்து வெள்ளை கண்ணைக் குத்தும், காற்று அடுப்படியில் இருந்து வருவதுபோல் வரும், பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தாய்மார் படுகிற பாடு சொல்லி முடியாது. அப்படி ஒரு மே மாதத்தில்தான் பூங்காவில் கோடை இசை விழா என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். வாருங்கள், வாருங்கள், குடும்பத்தோடு வாருங்கள், ஒருவரையும் விட்டுவிடாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அனுமதி இலவசம் என்று அந்த ஆட்டோ மீனவர் தெருவிலும் சொன்னது, உப்பளக்காரர் தெருவிலும் சொன்னது, பள்ளிவாசல் தெருவிலும் சொன்னது, கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய சாலையிலும் சொல்லிக்கொண்டே போனது.

ஒரு நாள் நாதஸ்வரம், ஒரு நாள் வில்லுப்பாட்டு, ஒரு நாள் கோவில் பாடகர் குழு, ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகள் என்று சாயங்காலந்தோறும் ஒன்று. நாற்காலி எல்லாம் முன்வரிசைப் பெரியவர்களுக்குத்தான், மற்றவர்களுக்குப் புல்தரை. புல்தரை என்றால் இடம் பிடிக்க வேண்டும், இடம் பிடிக்க வேண்டும் என்றால் துண்டு போட வேண்டும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்துவிட்டால் அந்த சீட்டு நமக்குத்தான், கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். துண்டு கிடந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். அதைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருகிறவனை எங்கள் ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

நாதஸ்வரக் கச்சேரி அன்று பேச்சியம்மாள் முதலாவதாக வந்து தான் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு துண்டை விரித்தாள். டெய்லர் கடை வைத்திருந்த அவள் வீட்டுக்காரருக்கு நாதஸ்வரம் என்றால் உயிர், திருவிழாவுக்குத் திருவிழா இவள் முன்னால் போய்த் துண்டு போடுவாள், அவர் கடையை அடைத்துவிட்டுப் பின்னால் வருவார். அவர் தை மாதமே செத்துப்போனார் என்பது துண்டை விரித்து முடித்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. விரித்ததை எடுக்க மனசில்லாமல் அப்படியே விட்டாள். மேளம் தட்டி முதல் வாசிப்பு எழும்பியபோது அவர் துண்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க வரும்போதாவது அந்தச் சட்டையை மாத்திட்டு வரக்கூடாதா?" என்றாள் பேச்சியம்மாள்.

பின்னால் இருந்த பெண், "அண்ணாச்சி கால நீட்டிக்கிடட்டும் மைனி, நாங்க தள்ளிக்கிடுதோம்" என்று பாயைக் கொஞ்சம் இழுத்துப் போட்டாள். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. மேடை விளக்கை அணைத்தபோது அவர் இல்லை, துண்டில் உட்கார்ந்த சுருக்கம் இருந்தது.

மறுநாள் ஊரே துண்டோடு வந்தது. புதுத் துண்டு, பழைய துண்டு, கிழிந்த துண்டு, துண்டு இல்லாதவர்கள் பாதிச் சேலை, பச்சைப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஒரு கைக்குட்டை. வில்லுப்பாட்டுக்காரர் உடுக்கையைத் தொட்டதும் துண்டுக்கு ஒரு ஆளாக, செத்துப்போனவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பேசவில்லை, எதுவும் தின்னவில்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடியில் எடுத்து வைத்தால் பாரம் இருந்தது, சூடு மட்டும் இல்லை என்று மதலேன் அக்காள் சொன்னாள். அவள் தன் தங்கையின் தலையை மடியில் வைத்திருந்தவள், அவளுக்குத் தெரியும்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. வாசலில் பொரி விற்றவர்கள் துண்டும் சேர்த்து விற்றார்கள். குடிதண்ணீர் வைக்கிற அலுவலர் வந்து, "இவங்களுக்கும் சேர்த்து எத்தனை கேன் போடணும்?" என்று ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டார், அவர் "எதுக்கும் ரெண்டு கூடுதலா வைங்க சார்" என்றார். இரண்டு பெண்டாட்டிக்காரர் ஒருவருக்கு மூத்தவள் இந்தப் பக்கமும் இளையவள் அந்தப் பக்கமும் துண்டு விரித்து ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டிருந்தபோது, அவர் வந்து இரண்டு துண்டுக்கும் நடுவில் வெறும் புல்லில் உட்கார்ந்தார். உயிரோடு இருந்தபோது இந்தப் புத்தி இருந்திருக்கலாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்களாம், அதோடு அவர்களுக்குள் பேச்சு வந்துவிட்டதாம். எங்கள் பங்கு பாதர் பிரசங்கத்தில் இதைப் பற்றி நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவரும் ஒரு துண்டோடு வந்து ஓரமாக விரித்து, அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

இட்லிக் கடை ஜெபக்கனி மட்டும் கோபமாக ஒரு துண்டு விரித்தாள். அவள் புருஷன் வேறொருத்தியோடு திருப்பூருக்குப் போனவன், இருக்கிறானா செத்தானா என்று தகவலே இல்லாதவன். பாட்டுக்கு மேல் பாட்டாகப் போய்க்கொண்டே இருந்தது, அந்தத் துண்டு காலியாகவே கிடந்தது. கடைசியில் அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, "பாவிப்பய இன்னும் நல்லாத் தின்னுட்டுத்தான் திரியுதான்!" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தில்தான், உயிரோடு இருப்பவர்களுக்குத் துண்டு போட்டால் வர மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் ஒன்றாக விளங்கியது. விளங்கியதும், யாரும் சொல்லாமலேயே, எல்லாரும் திரும்பி இமெல்டாவைப் பார்த்தார்கள்.

இமெல்டா மீனவர் தெருக்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவளுக்கு ஒரே மகன், கிளிட்டஸ். அவன் கடலுக்குப் போன படகு திரும்பி வந்தது, அவன் வரவில்லை. ராத்திரிக் காற்றில் தூக்கி அடித்துவிட்டது, தேடினோம், கிடைக்கவில்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். கரையில் ஒதுங்கவும் இல்லை. ஏதோ ஒரு தேசத்துச் சிறையில் நம் ஊர்ப் பையன் ஒருவன் இருக்கிறானாம் என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு, அவள் தினமும் அவனுக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டாள். மருமகள் பெனிட்டா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேத்தி ஆன்சிக்கு அப்பா கடலில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள்.

ஜெபக்கனியின் துண்டு காலியாகக் கிடந்ததற்கு மறுநாள் காலையில், கம்பெனி வண்டி வருவதற்கு முன்னால், பெனிட்டா மாமியாரிடம் கேட்டாள்.

"மாமி, ஒரே ஒரு நாள். ஒரு துண்டு."

"எங்கிட்ட துண்டு இல்ல."

"கொடியில கிடக்கே மாமி."

"அது அவன் துண்டு. அவன் வந்து கேப்பான்."

"அவரு வரலன்னா நல்லதுதானே மாமி? எங்கயோ உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சுரும். வருஷக்கணக்கா இருந்தாலும் நான் காத்துக் கிடப்பேன்."

"வந்துட்டா?"

பெனிட்டா டிபன் டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள். "வந்துட்டா அழுதுக்கிடுவோம் மாமி. நான் இன்னும் ஒரு தடவகூட அழல. அழுதா அவரைக் கொன்னமாதிரி ஆயிருமோன்னு இருக்கு. அழாம இருந்தாலும் மூச்சு முட்டுது."

"நீ போட்றாத மக்கா. மாதா மேல ஆணை, நீ போட்றாத."

"பெத்தவ நீங்க இருக்கையில நான் போடுவேனா?" என்று சொல்லிவிட்டு அவள் வண்டி ஏறப் போய்விட்டாள்.

பூங்காவுக்கே போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெருப் பிள்ளைகள் எல்லாம் போகும்போது ஆன்சியை எப்படிப் பிடித்து வைப்பது? அதனால் இமெல்டா சாயங்காலந்தோறும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனாள். போய், ஓரத்து இரும்பு வேலியில் ஒரு தோள் இடிக்க, மறு தோளில் பேத்தி இடிக்க, நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இல்லாமல் தன்னைச் சுருக்கி உட்கார்ந்துகொண்டாள். கம்பெனி விட்டு வருகிற பெனிட்டாவுக்கு இடம் வேண்டுமே, அதற்குக் காலை நீட்டி வைத்துக்கொள்வாள், துண்டு போட மாட்டாள். சுற்றிலும் அவரவர் ஆள் வந்து அவரவர் பக்கத்தில் உட்காரும்போது, ஊரே அழுகையும் சந்தோஷமுமாக இருக்கும்போது, அவள் ஒருத்தி மட்டும் கண்ணை மூடி, மாதாவே, என் பக்கத்தில் யாரையும் கொண்டுவராதே, மாதாவே, என் பிள்ளையை எங்கே வைத்திருந்தாலும் அங்கேயே வைத்திரு என்று ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் வரட்டும் என்று கேட்ட இடத்தில் வர வேண்டாம் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"யக்கா, ஒரு துண்டுதானே" என்றாள் ஜெபக்கனி ஒரு நாள். "நான் போட்டேன், எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"உனக்கு அவன் வரணும்னு இருந்துச்சா, வரக்கூடாதுன்னு இருந்துச்சா?"

ஜெபக்கனி யோசித்தாள். "அதைத்தான் யக்கா நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

இப்படியே கடைசி நாள் வந்தது. அன்றைக்கு மெல்லிசைக் குழு, பாடுகிறவள் தங்கபுஷ்பம் என்கிற நம் ஊர்ப் பெண். இனி அடுத்த வருடம்தான், அடுத்த வருடம் விழா வைப்பார்களோ மாட்டார்களோ, வைத்தாலும் இவர்கள் வருவார்களோ மாட்டார்களோ என்று ஊரே அன்றைக்குப் பூங்காவில் நெருக்கியடித்தது. ஆன்சிக்கு மத்தியானத்தில் இருந்தே உடம்பு சுட்டது. வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை, ஆகவே இமெல்டா கொடியில் கிடந்த மகனின் துண்டையே நனைத்து அவள் தலையில் போட்டுக் கூட்டி வந்தாள்.

மேடையில் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிட்டா இன்னும் வரவில்லை. கூட்டம் தள்ளித் தள்ளி, நீட்டி வைத்த காலை மிதிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் குனிந்து, "அக்கா, இங்க ஆள் வருதா?" என்று கேட்டார்.

"வருது வருது, ஆள் வருது" என்றாள் இமெல்டா. சொன்ன வேகத்தில் கை தானாகப் போய், பேத்தி தலையில் இருந்த துண்டை எடுத்து அந்த இடத்தில் போட்டது.

பிறந்தது முதல் பஸ்ஸிலும் பந்தியிலும் செய்து பழகிய கை. அது யோசிக்கவில்லை. மனசு எட்டிப் பிடிப்பதற்குள் மேடையில் பாட்டு எழும்பிவிட்டது. இமெல்டா பதறிப்போய்த் துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். துண்டு வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். மேலே ஆள் இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பாதம் தெரிந்தது. சின்ன வயதில் சிப்பி கிழித்துத் தையல் போட்ட பாதம், அவள் கையால் மஞ்சள் பற்றுப் போட்டு ஆற்றிய பாதம். அதற்கு மேலே பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"அப்பா" என்றாள் ஆன்சி, சாயங்காலம் வேலைவிட்டு வந்தவரைக் கூப்பிடுகிற மாதிரி. ஏறி மடியில் உட்கார்ந்துகொண்டாள். "அப்பா, ஒங்க தலையெல்லாம் தண்ணி. துவட்டுங்கப்பா, சளி பிடிச்சுக்கிடும்."

அப்போதுதான் இமெல்டா பார்த்தாள். கடலுக்குப் போன அன்றைக்குப் போட்டிருந்த நீலப் பனியன், முடியில் இருந்து நெற்றிக்கும், நெற்றியில் இருந்து மூக்குக்கும் ஓடிச் சொட்டுகிற தண்ணீர். அவன் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மெதுவாக, "கொஞ்சம் தூக்கு மக்கா" என்றாள், அவனும் சின்னப் பிள்ளைபோல் இடுப்பைக் கொஞ்சம் தூக்கினான், அவள் துண்டின் ஒரு பாதியை உருவி எடுத்து அவன் தலையைத் துவட்டினாள். உச்சியைத் துவட்டினாள், பிடரியைத் துவட்டினாள், காதுக்குப் பின்னால் துவட்டினாள். துவட்டிய இடத்தில் மறுபடியும் தண்ணீர் வந்தது. துண்டைப் பிழிந்தாள், மறுபடியும் துவட்டினாள். துவட்டத் துவட்ட வந்துகொண்டே இருந்தது, பிழிந்த தண்ணீர் அவள் கை வெடிப்பில் உப்பாக எரிந்தது.

அந்த நேரத்தில்தான் பெனிட்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஐஸில் ஊறி வெளுத்த விரல்களோடு, இறால் வாடையோடு, தனக்குப் போட்ட இடத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். இடத்தில் அவன் இருந்தான்.

"மாமி, நீங்களா போட்டீங்க?"

"உனக்குத்தான் போட்டேன் மக்கா" என்றாள் இமெல்டா. "உனக்குத்தான் போட்டேன். உனக்குத்தான்."

பெனிட்டா அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவனுடைய கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, குளிர்ந்து போன கையில் குளிர்ந்து போன கையாக, பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அழுதாள். அத்தனை மாதமும் அழாமல் வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்றார்கள். பேச்சியம்மாள் தன் வீட்டுக்காரரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

தங்கபுஷ்பம் கடைசிப் பாட்டைப் பாடி முடித்தாள். கூட்டம், "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்றது. இன்னொன்று பாடினாள். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் பாடினாள். முன்வரிசைக்குப் பின்னால் அவளுடைய அக்காளும் ஒரு துண்டின் மேல் இருந்தாள், அவளுக்கு மட்டும் எப்படி நிறுத்த மனசு வரும்? நேரத்துக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய போலீஸ் இன்ஸ்பெக்டர் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போய், காற்று மட்டும் வருகிற குரலில் அவள் பாடிக்கொண்டே இருந்தாள், கூட்டம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இமெல்டா மகனைப் பார்த்தாள். அவன் தலை மெல்ல மெல்லத் தாழ்ந்து, சட்டென்று நிமிர்ந்து, மறுபடியும் தாழ்ந்தது. வலை இழுத்துவிட்டு விடியற்காலையில் வந்து, சோற்றில் கை வைத்தபடியே தூங்கி விழுவானே, அப்படி. கண் சொருகிப் போகிறது, பாட்டு இழுத்து நிமிர்த்துகிறது. கண் சொருகிப் போகிறது, பாட்டு மறுபடியும் இழுக்கிறது. அவள் அதைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள், ஒரு தாய்க்கு அதற்கு மேல் பார்க்க முடியாது. துண்டைப் பெனிட்டா கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள், கூட்டத்துக்கு நடுவில் நடந்து மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

"யம்மா புஷ்பம், போதும் தாயி. முடிச்சிரு."

கூட்டத்தில் இருந்து ஒரு குரல் சீறியது. "இத்தன நாள் துண்டே போடாதவ, இன்னைக்கு வந்து நிப்பாட்டுதாளா! எங்க ஆளு எங்களோட இருந்துட்டுப் போகட்டும்!"

இமெல்டா திரும்பினாள். "என் பிள்ள எனக்கு இப்பத்தான் கிடைச்சான்" என்றாள். "ஒரு ராத்திரி முழுசா ஆகல. எனக்கு ஆசை இல்லையா? ஆனா அவனுக்குத் தூக்கம் வருது. உங்க ஆளுகளையும் திரும்பிப் பாருங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் தாளம் போட்டபடியே கண்ணயர்ந்து, திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழித்துக்கொண்டிருந்தார். பாதருடைய அம்மாவின் தலை ஆடியது. மடியில் இருந்த குழந்தைகள் கண்ணைக் கசக்கின. இத்தனை நாளும் எல்லாரும் அவர்களுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த முகத்தில் இருந்த களைப்பை ஒருவரும் பார்க்கவில்லை.

"என்ன பாடட்டும் அத்தை?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"எதையாவது பாடு. மெதுவாப் பாடு."

அவள் மெதுவாகப் பாடினாள். என்ன பாட்டு என்று நான் கேட்டபோது ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள், ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. அவரவர் ஆளின் தலையை அவரவர் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். இமெல்டா திரும்பி வந்து மகனை மடியில் படுக்க வைத்தாள், பெனிட்டா அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், ஆன்சி அவன் வயிற்றில் கை போட்டபடி காய்ச்சல் களைப்பில் தூங்கிப்போனாள். பாட்டு முடிந்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. விளக்கை அணைப்பவர் வெகுநேரம் கையை சுவிட்சில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு அணைத்தார். மடியின் பாரம் போயிற்று.

மறுநாள் காலைப் பூசைக்கு முன்னால் இமெல்டா பாதரிடம் போய், செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற இடத்தில் என் மகன் பேரையும் சேர்த்து வாசியுங்கள் என்று சொன்னாள். பாதர் வாசித்தார். அந்தப் பேரை அந்த இடத்தில் கேட்டபோது கோவிலில் இருந்தவர்கள் எல்லாரும் முழங்காலில் விழுந்தார்கள், பெனிட்டாவும் விழுந்தாள், இமெல்டா மட்டும் நின்றுகொண்டே இருந்தாளாம். அன்று மத்தியானம் உலை வைக்கும்போது அரிசியை அள்ளிவிட்டு, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, ஒரு ஆள் அரிசியைத் திரும்ப அரிசிப் பானையில் போட்டாளாம். எனக்கும் பிள்ளைகள் தூரத்தில்தான் இருக்கிறார்கள். இதைச் சொல்லி முடித்த ராத்திரி மதலேன் அக்காள் போன பிறகு ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன், என்ன விஷயம் அம்மா என்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றேன்.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பையன் பேர் கிளிட்டஸ். இன்றைக்குப் படுக்கப் போவதற்கு முன்னால், நீங்கள் கும்பிடுகிற சாமி எதுவோ அதனிடம், அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிவிட்டுப் படுங்கள்.